கூலித் தகராறுக்கும் ஜாப் ஒர்க் பாக்கிக்கும் வழிகாட்ட ஒரே மேசை அமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
தையல் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவர்,
திருப்பூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

பொருள்: தொழிலாளர் கூலி மற்றும் சிறு யூனிட்டுகளின் ஜாப் ஒர்க் பாக்கித் தகராறுகள் – மக்கள் குறைதீர்க்கும் நாளில் கூட்டு உதவி மேசை அமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பனியன் கம்பெனியில் டெய்லருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் டெய்லராகி, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் கடன் வாங்கிப் பன்னிரண்டு மெஷின்களுடன் சொந்தமாகப் பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின் வரிசை) போட்டு, மற்ற நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்பவன் நான். கூலிக்காக வாசலில் காத்து நின்றிருக்கிறேன். கூலி கொடுக்க வழியில்லாமல் தலை குனிந்தும் நின்றிருக்கிறேன். அந்த இரண்டு நிலையும் தெரிந்தவன் என்பதால்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு டி-சர்ட் தைத்துக் கொடுத்தோம். தையல் கூலி ரூ.2,86,000. ஆர்டர் முழுவதும் தொலைபேசியில் பேசியதுதான். கையில் இருந்தவை டெலிவரி சலான்களும் வாட்ஸ்அப் செய்திகளும் மட்டுமே. மூன்று மாதம் வரை "அடுத்த வாரம்" என்றார்கள். நான்காவது மாதம் ஆயில் கறை, பீஸ் குறைவு என்று ரூ.90,000 பிடித்தம் செய்து டெபிட் நோட் அனுப்பினார்கள். மீதிப் பணமும் வரவில்லை.

எங்கள் ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். அப்படி ஒரு சனிக்கிழமை, என்னிடம் தைத்துக்கொண்டிருந்த சகோதரி ஒருவர் தன் சின்ன நோட்டை என் மேசைமேல் வைத்தார். நாள்வாரியாகப் பீஸ் கணக்கு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டல், கடைசிப் பக்கத்தில் ரூ.7,340 என்று எழுதிக் கோடு போட்டிருந்தது. கணக்கில் ஒரு ரூபாய்கூடப் பிழையில்லை. கொடுக்கத்தான் என்னிடம் பணமில்லை. அவர் சண்டை போடவில்லை. "அண்ணா, எங்கே போய்க் கேட்டால் கிடைக்கும் என்றாவது சொல்லுங்கள்" என்றார். என்மேல் புகார் கொடுப்பதற்கு என்னிடமே வழி கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அவர் முதலில் ஒரு காவல் நிலையத்துக்குப் போனார். "இது பணம் கொடுக்கல் வாங்கல், இங்கே வராது" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் வேறு கட்டடத்தைக் கைகாட்டினார்கள். அங்கே, சம்பள ரசீது இல்லாமல் எப்படி என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பீஸ் ரேட்டில் தைப்பவர் சம்பள ரசீதுக்கு எங்கே போவார், ஐயா? ரூ.7,340 கேட்டு அலைந்ததில் மூன்று நாள் கூலி போனது. நான் என் பாக்கிக்காக வேறு திசையில் அலைந்தேன். கடைசியில் இருவரையும் தேடி வந்தவர் ஒரே ஆள்: "பேசி வாங்கித் தருகிறேன், நூற்றுக்கு இருபது எனக்கு" என்ற தரகர். நான் கடன் வாங்கி அந்தச் சகோதரியின் கணக்கைத் தீர்த்தேன். என் பாக்கி இன்னும் நிற்கிறது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான் கெடு. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். சரக்கில் குறை இருந்தால், பெற்றுக்கொண்ட 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும்; தெரிவிக்காவிட்டால் டெலிவரி கொடுத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். அப்படியானால் நான்காவது மாதம் கண்டுபிடித்த ஆயில் கறைக்கு என்ன மதிப்பு? இந்த ஒரு விதி தெரிந்திருந்தால் அந்த டெபிட் நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பியிருக்க மாட்டேன். இத்தகைய பாக்கிகளை விசாரிக்க வசதியாக்க மன்றம் இருக்கிறது. இணையதளம் வழியாகவும் முறையீடு செய்யலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் நீதிமன்றம் போனால், தீர்ப்பான தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இவ்வளவு பலமான சட்டத்தைப் பற்றி எங்கள் வீதியில் உள்ள பவர் டேபிள்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுகூட இல்லாதவர்களே அதிகம்.

தொழிலாளர் பக்கமும் இப்படித்தான். சமரசத்துக்குத் தொழிலாளர் துறை அலுவலர்கள் இருக்கிறார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞரை வழங்குகிறது. வீட்டுத் திண்ணையில் இரண்டு மெஷின் போட்டு நடத்தும் பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துக் கேட்கலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை நேர்ந்தால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு விசாரிக்க வேண்டும். சின்னக் கூடங்களில் வேலை செய்பவர்களுக்கும் உதவ ஏற்பட்ட குழு இது. ஆனால் அதன் முகவரியை எந்தக் கம்பெனிச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

இதற்கிடையில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டுள்ளன. வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கூலியைக் கணக்கு முடித்துத் தர வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. இது என்னையும் கட்டுப்படுத்துகிறது; கட்டுப்படுத்தட்டும், அதுதான் நியாயம். ஆனால் பழைய சட்டத்தின் பெயரைக்கூட அறியாதவர், புதிய சட்டத்தில் எந்த அதிகாரியிடம் மனு கொடுப்பது என்று எப்படி அறிவார்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் இங்கே தைத்துக்கொண்டிருப்பவரின் நிலையைத் தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

ஐயா, அந்தச் சகோதரியின் ரூ.7,340-ம் என் ரூ.2,86,000-ம் தனித்தனித் தகராறுகள் அல்ல. என் பணம் மேலே நின்றதால் அவர் பணம் கீழே நின்றது. நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று ஒரு பனியன் எத்தனை கை மாறுகிறதோ அத்தனை இடத்திலும் இந்தப் பாக்கி தொடர்கிறது. ஆனால் அலுவலகங்கள் எங்களைத் தனித்தனியே பிரித்து, அவரைத் தொழிலாளர் துறைக்கும் என்னைத் தொழில் மையத்துக்கும் அனுப்புகின்றன. இரண்டு கோப்புகளும் ஒரு நாளும் சந்திப்பதில்லை.

ஆகவே, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தொழிலாளர் துறை, மாவட்டத் தொழில் மையம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகிய மூன்றிலிருந்தும் ஒவ்வொருவர் அமரும் கூட்டு உதவி மேசை ஒன்றை அமைத்துத் தருமாறு வேண்டுகிறேன். "இங்கே இல்லை" என்று யாரையும் திருப்பி அனுப்பாமல், மனுவை வாங்கி, எண்ணும் தேதியும் இட்ட ரசீது கொடுத்து, உரிய அலுவலகத்துக்கு அந்த மேசையே அனுப்பிவைக்க வேண்டும். பீஸ் நோட்டும் சலானும் வாட்ஸ்அப் செய்தியும் மட்டுமே ஆதாரமாக உள்ளவருக்கு, அவற்றை எப்படித் தொகுத்துக் கொடுப்பது என்று உட்கார வைத்துச் சொல்லித் தர வேண்டும். திங்கட்கிழமை விடுப்பெடுத்தால் ஒரு நாள் கூலி போகும் என்பதால், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இந்த மேசை செயல்பட்டால் பெரும் உதவியாக இருக்கும்.

கூலிப் பாக்கியும் ஜாப் ஒர்க் பாக்கியும் ஒரே ஆர்டரிலிருந்து வந்தவை என்று தெரிந்தால், ஆர்டர் கொடுத்தவர், தைத்துக் கொடுத்தவர், தொழிலாளி மூவரையும் ஒன்றாக அழைத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசிப் பைசல் செய்ய ஏற்பாடு செய்யவும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லை. ஒப்புக்கொண்டு முடித்ததற்கு மேல்முறையீடும் இல்லை. சம்மதம் வராவிட்டாலும் அந்தத் தொழிலாளியின் கூலி என் பாக்கிக்காகக் காத்திருக்கக் கூடாது. அதை முதலில் முடித்துவைக்க வேண்டும்.

எந்தத் தகராறுக்கு எங்கே போவது, எத்தனை நாளுக்குள் போவது என்பதை ஒரே பக்கத்தில் தமிழ், இந்தி, ஒடியா மொழிகளில் அச்சிட்டு, பஸ் நிலையம், ரயில் நிலையம், ரேஷன் கடை, இ.எஸ்.ஐ. மருந்தகம், கம்பெனி வாசல்களில் ஒட்டச் செய்யவும் வேண்டுகிறேன். என் யூனிட்டின் சுவரில் முதல் ஆளாக நானே ஒட்டுகிறேன்.

மேற்கண்ட கோரிக்கைகளைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: டெலிவரி சலான்கள், டெபிட் நோட் ஆகியவற்றின் நகல்கள், சகோதரியின் சம்மதத்துடன் அவரது பீஸ் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தின் நகல்.