செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நான்கு சக்கர வாகன மெக்கானிக், எலக்ட்ரீஷியன், டிங்கர், பெயிண்டர் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு 5 முறை கூடியது. மே தினத்தன்று கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். ஜூனில் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். ஆயுத பூஜை வழக்கம்போல் சிறப்பாக நடந்தது. இந்த ஆண்டு நாம் இழந்த இரண்டு மூத்த உறுப்பினர்களின் குடும்பங்களுக்குச் சங்கத்தின் சார்பில் நேரில் சென்று ஆறுதல் சொல்லி, ஈமக் காரியத்துக்கு நிதியும் வழங்கினோம். அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனப் பழுதுபார்க்கும் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய முகாம் நடத்தினோம். கடையில் வேலை பார்க்கும் பையன்களில் பாதிப் பேருக்கு மேல் இன்னும் பதிவு இல்லை. முதலாளிகள் கவனிக்க வேண்டும்.

இனி, இந்த ஆண்டு சங்கம் எடுத்த முக்கிய வேலையான பட்டறைப் பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச அனுமதிக்க வேண்டும். இதில் என் மேல் சில விமர்சனங்கள் இருப்பதால் நடந்தது நடந்தபடி பதிவாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதன் தொடக்கம் என் கடைதான். ஜூன் மாதம் ஒரு காமன் ரயில் டீசல் வண்டி (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து மிக அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை) மிஸ்ஸிங் என்று வந்தது. என்னிடம் 14 வருடமாக வேலை செய்யும் மெக்கானிக், பழைய வண்டிகளில் நாம் எல்லோரும் செய்ததைத்தான் செய்தார். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தினார். பழைய பம்ப் வண்டியில் தளர்த்தினால் டீசல் நுரைத்து வழியும், துணியால் துடைத்துவிட்டு இறுக்கிவிடுவோம். காமன் ரயிலில் அப்படி இல்லை. ஐடிலில் நிற்கும்போதே பைப்பில் 250, 300 பார் அழுத்தம் இருக்கும். மிதித்தால் 1600 பாருக்கு மேலும் போகும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம்தான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்தில் பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்த பையனின் ஆள்காட்டி விரலில் சுருக்கென்று ஏதோ பட்டது. ரத்தம்கூட வரவில்லை. ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். அவனே பனியன் துணியில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

முதலில் காட்டிய இடத்தில் டிடி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கி, வலி முழங்கை வரை ஏறிவிட்டது. ராத்திரியே வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்து விரலைத் திறந்து உள்ளே பரவியிருந்த டீசலைச் சுத்தம் செய்தார்கள். "இன்னும் தாமதித்திருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். விரல் தப்பியது. ஆனால் நுனி மூட்டு இன்றைக்கும் முழுதாக மடங்கவில்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனரை அவன் நடுவிரலால் பிடிக்கிறான். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் கடை நடத்துகிறேன்.

அந்த வாரமே வகுப்பு வைப்பது என்று முடிவு செய்தேன். கம்பெனி சர்வீஸில் பல வருடம் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், போக்குவரத்துச் செலவுகூட வாங்காமல் ஆகஸ்டில் வந்து ஒரு முழு நாள் சொல்லிக் கொடுத்தார். நம் உறுப்பினர்கள் 74 பேர். வந்தவர்கள் 17. முகூர்த்த நாள் என்றார்கள், அவசர வேலை என்றார்கள். 40 பேருக்குச் சொல்லி வைத்த சாப்பாடு மீந்துபோனது. அதைவிட, வர வேண்டியவர்கள் வரவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம். டிங்கர் தோழர்களில் ஒருவர்கூட இல்லை. கதவுத் தூணில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரி, ஆல்டர்னேட்டர், கண்ட்ரோல் யூனிட் கப்ளர் (ஒயர் இணைப்பான்) எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும் என்பதை அன்று யாருக்காகச் சொன்னார்களோ அவர்கள் அங்கே இல்லை. இந்த ஆண்டு மட்டும் வெல்டிங்குக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாத மூன்று வண்டிகள் என் கடைக்கு வந்தன. ஈசியூ என்ற அந்தக் கண்ட்ரோல் யூனிட்டின் விலையை யார் தலையில் கட்டுவது என்ற பஞ்சாயத்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

வராதவர்களுக்காக முக்கியமானவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறிக்கை நீள்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஏர்பேக். 2019 ஜூலையிலிருந்து தயாராகும் கார்களில் ஓட்டுநர் பக்கம் கட்டாயம். 2022 முதல் முன்பக்கம் இரண்டுமே கட்டாயம். ஆகவே "நம்மிடம் அந்த வண்டி வராது" என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஸ்டியரிங் கழற்றுகிறோமோ, டேஷ்போர்டு இறக்குகிறோமோ, சீட் கழற்றுகிறோமோ, முதலில் சாவியை ஆஃப் செய்து பேட்டரி மைனஸைக் கழற்ற வேண்டும். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். அது நமக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, பேட்டரியைக் கழற்றினாலும் ஏர்பேக் யூனிட்டுக்குள் இருக்கும் கண்டன்சரில் கரண்ட் நிற்கும் என்பது. விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் பை வெடிக்க வேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அது இறங்க சில வண்டிக்கு 90 விநாடி, சில வண்டிக்கு 3 நிமிடம் என்று மேனுவலில் இருக்கும். நம் சங்கம் எல்லா வண்டிக்கும் 10 நிமிடம் என்று வைத்திருக்கிறது. மேனுவல் அதற்கும் மேல் சொன்னால் மேனுவல்படி.

மஞ்சள் கப்ளர், மஞ்சள் ஒயர் என்றால் அது ஏர்பேக் லைன், கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும். விபத்தில் சீட் பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரிலும் ஏர்பேக்கில் இருப்பதுபோல் வெடிமருந்து இருக்கிறது. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஏர்பேக் பின்னில் குத்தவே கூடாது. மீட்டர் பேட்டரியின் சிறு கரண்டே போதும், பை வெடித்துவிடலாம். விரிய ஆகும் நேரம் சுமார் 30 மில்லி விநாடி. கையை எடுக்க நேரம் இருக்காது. பயிற்சியாளர் ஒரு மஞ்சள் கப்ளரைப் பிரித்து, உள்ளே இருந்த பித்தளைத் தகட்டைக் காட்டினார். கப்ளரைக் கழற்றியதும் அந்தத் தகடு இரண்டு பின்னையும் தானே ஷார்ட் செய்துவிடுகிறது, ஸ்டாட்டிக் கரண்ட் உள்ளே போகாமல் இருக்க. நகத்தின் அளவுகூட இல்லாத தகடு. அந்தத் தகடு சேதமான கப்ளரை ஒயர் சுற்றி டேப் ஒட்டி நாம் எத்தனை முறை மாட்டியிருப்போம் என்று நினைத்து அன்று எல்லோரும் அமைதியாகிவிட்டோம். கழற்றிய ஏர்பேக்கைத் தூக்கும்போது முகப்பு வெளியே பார்க்க வேண்டும், நம் நெஞ்சைப் பார்க்கக் கூடாது. மேஜையில் வைத்தால் முகப்பு மேலே. கவிழ்த்து வைத்தது வெடித்தால் மொத்தமும் ராக்கெட் மாதிரி எகிறும்.

பழைய இரும்புக் கடை ஏர்பேக்கை வாங்கி மாட்டும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதை நிறுத்த வேண்டும். ஏர்பேக் தயாரித்த டகாட்டா கம்பெனியின் இன்ஃப்ளேட்டர்களில் (பையை ஊதும் பாகம்) இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெயிலிலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கிடந்து கெட்டு, வெடிக்கும்போது இரும்புத் துண்டுகளை ஓட்டுநர் மேல் எறிந்தது. கோடிக்கணக்கான இன்ஃப்ளேட்டர்களைத் திரும்பப் பெற்றார்கள், 2017-இல் கம்பெனியே திவாலானது. எந்த வண்டியில், எத்தனை வெயிலில் கிடந்தது என்று தெரியாத ஒரு பையை அடுத்தவர் முகத்துக்கு நேராக மாட்டுவது எந்த வகையில் நியாயம்?

எலக்ட்ரிக்கலில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றும் பழக்கத்தை இன்றோடு விட வேண்டும். கழற்றிய நொடியில் வோல்டேஜ் பல மடங்கு எகிறி ஈசியூவை அடித்துவிடும். மீட்டரை வைத்துப் பார்த்தால் அரை நிமிட வேலை.

பெட்ரோல் வண்டியில் ஃபில்டர், பம்ப் கழற்றும் முன் பம்ப் ரிலேயை எடுத்துவிட்டு, வண்டியை ஓட்டி, தானே அணைய விட வேண்டும். லைனில் 3, 4 பார் நிற்கும், இல்லாவிட்டால் முகத்தில் அடிக்கும். டியூபில் வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போனால் அதுதான் ஆளைக் கொல்லும். டீசல் பைப்பில் கசிவு பார்க்கக் கையைக் கொண்டுபோகாதீர்கள், அட்டையைக் காட்டுங்கள். ஊசி மாதிரி குத்திவிட்டால் வலி இல்லை என்று காத்திருக்காமல், "ஹை பிரஷர் டீசல் உள்ளே ஏறியிருக்கிறது" என்று டாக்டரிடம் அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். நாங்கள் முதலில் போன இடத்தில் அதைச் சொல்லத் தெரியாமல்தான் அரை நாள் போனது.

அடுத்து, செலவு விவகாரம். செப்டம்பரில் 6 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஐந்து வாங்கி, ஒவ்வொரு சந்துக்கும் ஒன்றாக வைத்தோம். 12 ஆயிரத்துச் சொச்சம் ஆனது. செயற்குழு ஒப்புதலுக்கு முன்பே நான் வாங்கியது உண்மை. தலைவரிடம் போனில் சொன்னேன், தீர்மானம் பிறகுதான் போட்டோம். "செயலாளர் தன்னிச்சையாகச் செய்கிறார்" என்று சிலர் பேசியதை அறிவேன். ஜனவரியில் மார்க்கெட் சந்தில் ஒரு உறுப்பினர் குழியில் இறங்கி டேங்க் கழற்றும்போது, கையிலிருந்த குண்டு பல்பு லேம்ப் விழுந்து உடைந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியில்தான் போய்த் தேங்கும். தீ பிடித்தது. எதிர்க் கடையில் சங்கம் வைத்திருந்த தீயணைப்பானை ஓடிப்போய் எடுத்து ஒரு நிமிடத்துக்குள் அணைத்தார்கள். முன்கையில் தீக்காயத்தோடு அவர் பிழைத்தார், மேலே நின்ற வண்டியும் தப்பியது. தீர்மானத்துக்காகக் காத்திருந்தால் அந்த நாளில் அது அங்கே இருந்திருக்காது. இதற்கு மேல் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மொத்தத்தில் சென்ற ஆண்டு இருப்பைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது, கடன் எதுவும் இல்லை. வாடகையும் மின்கட்டணமும் நிலுவை இல்லாமல் கட்டியாகிவிட்டது. ஆனால் சந்தா மாதம் 100 ரூபாய்தான். 74 பேரில் 31 பேர் ஆறு மாதத்துக்கு மேல் தரவில்லை. அதில் பாதிப் பேர் பைபாஸில் பெரிய கடை வைத்திருப்பவர்கள். பொருளாளர் ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்று "நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்புகிறார். அவருக்கும் கடை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது.

இடம் தந்த மண்டப உரிமையாளருக்கும், பயிற்சியாளர் ஐயாவுக்கும், அறிவிப்புப் பலகைகளை அடக்க விலைக்கே எழுதித் தந்த பெயிண்டர் தோழருக்கும், எல்லாவற்றிலும் துணை நின்ற தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு எலக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டிக்கான வகுப்பு வைக்க வேண்டும். ஆரஞ்சு ஒயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் டிசி ஓடுகிறது. 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை இரண்டு ஜோடியாவது சங்கத்தில் பொதுவாக இருக்க வேண்டும். வாங்க இருப்பில் பணம் போதாது. நிலுவைச் சந்தா வந்தால் கையுறையும் வாங்கலாம், தீயணைப்பான்களை ரீஃபில்லும் செய்யலாம். இந்தப் பொறுப்பில் நான் நீடிப்பதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் செயலாளராக வந்தாலும் இந்த வகுப்பை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நானே தொடர வேண்டும் என்று நினைப்பவர்கள், அடுத்த வகுப்புக்குத் தாங்கள் வராவிட்டாலும் தங்கள் கடைப் பையன்களையாவது சம்பளம் பிடிக்காமல் அனுப்பி வையுங்கள். என் கடைப் பையன் அன்று தன் விரலைக் காட்டிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறான். ஜூலை மாத முதல் ஞாயிறு, காலை 10 மணி, சங்கக் கட்டடம். சந்தா புத்தகமும் அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்