கண்ணாடி மாதிரி மின்னக் கூடாது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. சோம்பல் இல்லடா, நம்ம பழைய டீசல் எஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருக்கேன், கை முழுக்கக் கரி. உன் முட்டி வலி எப்படி இருக்கு? எனக்குக் கண்தான் மக்கர் பண்ணுது. மைக்ரோமீட்டர் கோட்டைப் படிக்க இப்போ கண்ணாடி வேணும்.

பிஸ்டனைச் சுத்தி மாட்டியிருக்கிற ரிங்கை மட்டும் மாத்தி ஓட்டிடலாம்னுதான் ஆரம்பிச்சேன். சிலிண்டர் மேல்பக்கம் விரலால தடவினா, ரிங் திரும்புற இடத்துல படி மாதிரி நகம் தட்டுச்சு. அத்தோட அந்த ஆசை போச்சு. உள்விட்டத்தை அளக்கிற போர் கேஜை விட்டு மேலே, நடுவே, கீழேன்னு மூணு இடத்துல, குறுக்கும் நெடுக்குமா அளந்தேன். கீழே தேய்மானமே இல்லை. மேலே 0.18 மி.மீ., அதுவும் பெரும்பாலும் பிஸ்டன் சாஞ்சு அழுத்துற பக்கம். சிலிண்டரை 0.25 பெரிசாக்கி அதுக்கேத்த பெரிய பிஸ்டன், அதாவது 0.25 ஓவர்சைஸ், போட்டா போதும்னு தோணும். ஆனா தேய்மானம் ஒரே சுவர்ல இருந்தா, மையம் நகராம வட்டமாக்க விட்டத்துல 0.36 வெட்டியாகணும். அதனால 0.50க்குப் போயிட்டேன்.

பிஸ்டனைக் கையில வாங்கி அளந்த பிறகுதான் சிலிண்டர் இருக்கிற பிளாக்கைப் போரிங்குக்கு, அதாவது உள்ளே கடைஞ்சு பெரிசாக்க, கொடுத்தேன். பெட்டிமேல போட்டிருக்கிற சைஸை நம்பி வெட்டச் சொல்றது எனக்குப் பிடிக்காது. போரிங் டூல் இரும்பைப் பிச்சுக்கிட்டே போகும், அதனால கடைசியில கல்லால தேய்க்கிற ஹோனிங்குக்கு 0.05லேர்ந்து 0.08 மி.மீ. வரை விடச் சொன்னேன்.

"பளபளன்னு இருக்கிற சுவரை ஏன் கீறணும்"னு கேட்டிருந்தியே. அந்தப் பளபளப்புதான்டா வில்லன். வழவழப்பான சுவர்ல ஆயில் தங்காது, புது ரிங்கும் படியாது. ஹோனிங் கல் சுத்திக்கிட்டே மேலும் கீழும் போறதால கோடுகள் குறுக்கா வெட்டிக்கும், சுமார் 45 டிகிரி. பள்ளத்துல ஆயில் நிக்கும். கோடு ரொம்பச் செங்குத்தா விழுந்தா ஆயில் வழிஞ்சு ஓடிடும். கடைசியில நைஸ் கல்லால நாலஞ்சு தடவை, கூரான முனைகளை மட்டும் மழிக்க. இன்னொண்ணு, நீ வாங்கி வச்சிருக்கிற உருண்டை பிரஷ் ஹோன் பளபளப்பை எடுக்கும், முட்டை வடிவமா தேஞ்ச சிலிண்டரை வட்டமாக்காது.

முன்னாடி ஒரு தடவை ஹோனிங் முடிஞ்சதும் மண்ணெண்ணெயில அலசிட்டு மாட்டிட்டேன். கல்தூள் கோடுகளுக்குள்ளேயே உக்காந்திருந்திருக்கு. ஒரு மாசத்துல புகை, மறுபடி முழு எஞ்சினும் கீழே. இப்போ வெந்நீர், சோப்புத்தூள், முரட்டு பிரஷ். அப்புறம் வெள்ளைத்துணியை ஆயில்ல நனைச்சுத் துடைச்சுப் பார்க்கணும். நேத்து ஆறாவது துணி வரைக்கும் சாம்பல் நிறம் வந்துச்சு, ஏழாவதுதான் சுத்தம். உடனே ஆயில் தடவிடு, இல்லேன்னா கண்ணெதிரேயே துரு பிடிக்கும்.

நாளைக்கு ரிங்கை ஒவ்வொண்ணா சிலிண்டர்ல இறக்கி, பிஸ்டன் தலையால நேரா தள்ளிவிட்டு, ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பார்க்கப் போறேன். உன் எஞ்சினோட நாலு சிலிண்டர் அளவையும் எழுதி அனுப்பு. அது வரைக்கும் ரிங் செட் வாங்காதே.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி