புரவி பார்க்க வரும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அலுவலக நண்பர்களோடு வந்து புதுக்கோட்டைப் பக்கத்து அய்யனார் கோயில் குதிரைகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய பட்டியலில் இரண்டு நாளுக்கு ஒன்பது கோயில். முக்கால்வாசியை இப்போதே அடித்துவிடு. காரை விட்டு இறங்கி, நாலு படம் எடுத்துக்கொண்டு ஏறி ஓடினால் எல்லாம் ஒரே குதிரையாகத்தான் தெரியும். ஒரு மண்குதிரை எப்படி எழும்பி நிற்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் இரண்டு கோயில் போதும்.

ஆகவே முதல் நாள் காலையில் நேராகக் கோயிலுக்குப் போகாமல் வேளார் வீட்டுக்குப் போங்கள். இந்தப் பக்கம் புரவி செய்கிறவர்கள் மண்பாண்டத் தொழில் செய்யும் வேளார்தான். பல அய்யனார் கோயில்களில் பூசை வைப்பதும் அவர்களே. ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் “கோயிலுக்குப் புரவி செய்யிற வேளார் வீடு எது” என்று கேட்டால் போதும். பங்குனியிலிருந்து ஆடி வரை வந்தால் பெரிய வேலை நடப்பதைப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெரிய உருப்படி காயாது. அப்போது கூரைக்கடியில் அகல் விளக்கு ஓடும், மார்கழியில் பொங்கல் பானை.

கண்மாய்க் களிமண்ணை அப்படியே அள்ளிக் குதிரை செய்ய முடியாது. கல், வேர் பொறுக்கி, ஊறவைத்து, மணலும் உமியும் சேர்த்துக் காலால் மிதிப்பார்கள். வெறும் களி காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல் அந்தச் சுருக்கத்தைக் குறைக்கும். உமி மண்ணைப் பிடித்துவைத்து, சூட்டில் எரிந்துபோய் ஆவி வெளியேறச் சின்னச் சின்ன வழி விடும். முதலில் எழும்புவது நாலு கால்கள், உள்ளே கூடாக. பாரம் தாங்குகிற அளவுக்கு அவை இறுகிய பிறகுதான் வயிறு ஏறும். பிறகு மார்பு, பிட்டம், கழுத்து. தலையைத் தனியாகச் செய்து பொருத்துவார்கள். ஒரு கை உள்ளே கல்லை அணைகொடுத்திருக்க, மறு கை வெளியே பலகையால் தட்டிக்கொண்டே இருக்கும். வேலையை நிறுத்தும்போது விளிம்பில் ஈரத்துணி போடுவதைக் கவனி. கீழ் வரி ஈரமாகவே இருந்தால் மேல் பாரத்தில் சரியும். முழுக்கக் காய்ந்துவிட்டால் புது மண் ஒட்டாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நேரம் பார்த்து ஏறுவதில்தான் தொழிலே இருக்கிறது. பெரிய குதிரைகளில் வயிற்றுக்கு அடியில் ஐந்தாவதாக ஒரு முட்டு நிற்கும். “இதென்ன அஞ்சு கால்” என்று உன் நண்பர்கள் சிரிப்பார்கள். அது இல்லாவிட்டால் வயிறு தரையில் கிடக்கும் என்று சொல்லிவை.

சுடுவதற்கு முன் உடம்பில் எங்கே துளை விட்டிருக்கிறார்கள் என்று பார். உள்ளே அடைபட்ட ஆவி அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். முதலில் மூட்டம் மட்டும் போட்டு மிச்ச ஈரத்தை மெல்ல விரட்டுவார்கள். அவசரப்பட்டு எரித்தால் ஆவி கிளம்பித் துண்டு துண்டாகத் தெறித்துவிடும். அதன் பிறகே வைக்கோல், வறட்டி, விறகெல்லாம் முழுமூச்சில் எரியும். மேலே வைக்கோல் பரப்பிச் சேறு பூசிவிடுவதால் சூடு வெளியே போகாது. ஆறுமுன் பிரித்தால் காற்றுப் பட்ட பக்கம் கீறல் விடும். புகை அடைந்த இடம் கறுத்துப்போகும். வண்ணம் பூசாத குதிரையின் விலாவில் கறுப்புத் திட்டு இருந்தால் அது அழுக்கு இல்லை.

வெயில் தாழ்ந்ததும் நமணசமுத்திரம் கிளம்புங்கள். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலையில் ஏறக்குறைய பாதி வழி. பக்கத்தில் இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலில் மண்குதிரைகள் நூற்றுக்கணக்கில் வரிசைகட்டி நிற்கின்றன. எல்லோரும் பளபளவென்று இருக்கிற புதுக் குதிரைகளின் முன்னால் நின்றே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீ உடைந்து கிடக்கும் பழைய குதிரைகளிடம் போ. கவிழ்ந்து கிடக்கிற ஒன்றின் உள்ளே டார்ச் அடித்துப் பார். கையை விடாதே, பாம்பு இருக்கலாம். உட்சுவரில் விரல் இழுத்த தடமும், கல் அணைத்த குழியும், கால் வயிற்றோடு சேர்ந்த ஒட்டும் அப்படியே தெரியும். முதலில் விடுவது பெரும்பாலும் அந்த ஒட்டுதான். கழுத்தில் மணிமாலை, முதுகில் சேணம், மார்பில் பட்டை எல்லாம் மண்ணைத் திரித்து ஒட்டியவை; உதிர்ந்த இடத்தில் அதன் அச்சு மட்டும் மிச்சமிருக்கும்.

பாதம் பொரிந்து உதிர்வதற்குக் காரணம் தரையில் இருக்கும் உப்பு. ஈரத்தோடு ஏறி, வெயிலில் மேற்பரப்பில் படிகமாகி, தோலைத் தள்ளிவிடுகிறது. எனாமல் பெயின்ட் அடித்தவற்றில் நிலைமை இன்னும் மோசம். உள்ளே போன ஈரம் வெளியே வர முடியாமல், பெயின்ட்டோடு மண்ணும் செதில் செதிலாகக் கழன்று வரும். சுண்ணாம்பு பூசிய பழைய குதிரைகள் வெளிறிப்போனாலும் மேல்தோல் தங்கியிருக்கும்.

“இதையெல்லாம் ஏன் பாதுகாக்கவில்லை” என்று உன்கூட வருகிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள். நேர்த்திக்கடனைச் செலுத்தியாயிற்று, இனி அது சாமியுடையது. விழுந்தால் யாரும் நிமிர்த்துவதில்லை. அடுத்த புரவி எடுப்பில், அதாவது குதிரைகளை ஊர்வலமாகக் கோயிலுக்குத் தூக்கிவரும் திருவிழாவில், புதியது வந்து பக்கத்தில் நிற்கும். அந்த வழக்கம் இருக்கும்வரை வேளாருக்கு வேலை உண்டு. இப்போது “நூறு வருஷம் இருக்கும்” என்று சொல்லி சிமென்ட் குதிரை வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்தால் சிமென்டும் பிளக்கத்தான் செய்யும், சுட்ட மண்ணைப் போல உதிர்ந்து மண்ணோடு சேரவும் சேராது.

இரண்டாம் நாள் ஆலங்குடி வழியாகக் கீரமங்கலம் போய், பக்கத்தில் குளமங்கலம். வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். அங்கே நிற்கும் குதிரை 33 அடி உயரம். அது சூளையில் சுட்டதல்ல, கட்டி எழுப்பியது. முதல் நாள் பார்த்ததோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மாசி மகத்தன்று குதிரை உயரத்துக்குக் கட்டிய காகிதப் பூ மாலைகளை வேன், லாரியில் கொண்டுவந்து சாத்துவார்கள். மாலை ஏற ஏறக் குதிரை மறைந்து நிறம் மட்டுமே தெரியும். உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் மற்ற நாளில் போ. கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் மகத்தன்று அதிகாலையிலேயே போய்விடு, பிறகு வண்டி நுழையாது.

புரவி எடுப்புக்குத் தேதி சொல்லச் சொல்லி என்னைக் கேட்காதே. பல ஊர்களில் அது ஆண்டுதோறும் நடப்பதில்லை. ஊர் கூடி முடிவெடுத்து, வேளாருக்குப் பிடிமண் (வேலையைத் தொடங்கச் சொல்லி ஊரார் கொடுக்கும் ஒரு பிடி மண்) கொடுத்த பிறகுதான் வேலை தொடங்கும். பிடிமண் கொடுத்தாயிற்று என்று காதில் விழுந்தால் உனக்கு எழுதுகிறேன். சிங்கம்புணரிப் பக்கமும் விசாரித்து வைக்கிறேன். குதிரைகளை மாலை, துண்டு சாத்தித் தோளில் தூக்கி வருவார்கள். ஊர்வலத்துக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே படம் எடுக்க வேண்டாம். தூக்குகிறவர்களுக்குக் கால் தடுக்கினால் குதிரை போச்சு.

மற்றபடி, செருப்பைக் கோயில் காட்டு எல்லையிலேயே விட்டுவிடு. முள் இருக்கும், பார்த்து நட. பெண்கள் எதுவரை போகலாம் என்பது கோயிலுக்குக் கோயில் மாறும். கேட்டுக்கொண்டு போ, கேட்பதால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மூலவரைப் படம் எடுக்காதே. கிடா வெட்டு நடந்தால் அது கருப்பருக்கு. அய்யனார் சைவம், அந்நேரம் அவர் முன் திரை போட்டுவிடுவார்கள். மரத்திலோ குதிரையின் கூட்டுக்குள்ளோ கதண்டு, அதாவது கொட்டுகிற பெரிய குளவி, கூடு கட்டியிருந்தால் சத்தமில்லாமல் விலகிவிடுங்கள். பக்கத்தில் சிகரெட் பற்றவைக்கவே கூடாது, புகை பட்டால் கூட்டமாகக் கிளம்பும். உடைந்த துண்டு ஒன்றைக்கூட எடுத்து வராதே. வேண்டுமானால் வேளாரிடம் ஒரு முழ உயரத்தில் சொல்லிச் செய்துகொள். ஆனால் சூளைக்கு நாள் பார்க்க வேண்டியிருக்கும், முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ரயிலில் கொண்டுபோகும்போது நாலு காலுக்கு இடையிலும் வயிற்றுக்கு அடியிலும் பழைய துணியை இறுக்கித் திணித்துக் கட்டு. வெளியே மட்டும் சுற்றினால் குலுக்கலில் கால் போய்விடும்.

டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல். வெள்ளிக்கிழமையாக இருந்தால் திருகோகர்ணம் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அதையும் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா