பரேட்டோவின் விதியும் பர்மாவின் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடும்ப வருமானம் எல்லா நாடுகளிலும் ஒரே கணித வடிவில்தான் பங்கிடப்பட்டிருக்கிறது, ஆகவே ஏற்றத்தாழ்வைக் குறைக்க முனைவது வீண் என்னும் பொருளில் தங்கள் நாளிதழில் அண்மையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. வடிவம் பற்றிய செய்தி சரி. அதிலிருந்து பெற்ற முடிவு தவறு.

இத்தாலியப் பொருளியலறிஞர் வில்ஃபிரடோ பரேட்டோ, 1890-களில் பல நாடுகளின் வரிப் பதிவுகளை ஒப்பிட்டு, உயர் வருமானக்காரர்களின் எண்ணிக்கை ஓர் அடுக்கு விதிப்படி குறைவதைக் கண்டார். அடுக்கு என்பது அந்தக் குறைவின் வேகத்தைச் சொல்லும் எண்; அது 1.5 என்றால், வருமான வரம்பை 4 மடங்காக்கும்போது அதற்கு மேல் இருப்பவர்கள் 8-இல் ஒரு பங்காகக் குறைவர். அடுக்கு 3 என்றால் 64-இல் ஒரு பங்காகிவிடுவர். எங்கும் அது 1.5-ஐ ஒட்டியே இருக்கும் என்று பரேட்டோ நம்பினார். பின்னர் கிடைத்த தரவுகளிலோ அது நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறுகிறது.

தவிரவும், இந்த விதி உச்சியிலுள்ள சிலருக்கே பொருந்துவது. அமெரிக்க வரித் தரவுகளை ஆராய்ந்த இயற்பியலாளர் விக்டர் யாகோவென்கோவும் அவருடன் பணியாற்றியோரும், ஏறத்தாழ 97 விழுக்காட்டினரின் வருமானம் வேறொரு வளைவில் அமைவதைக் காட்டினர். செட்டிநாட்டாருக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும்: ஆத்தங்குடித் தரைக்கல் வார்ப்பவரின் கூலி கல்லுக்குக் கல் கூடுகிறது, வட்டிக்கு விட்ட முதலோ மடங்கு மடங்காகப் பெருகுகிறது.

அந்தப் பெருக்கத்தின் வேகத்தைப் பர்மாவில் கண்டோம். கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் 1930-இல் 6 விழுக்காடு நிலம் இருந்தது; உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, கடனுக்கு ஈடாக வயல்கள் வந்து சேர்ந்ததில், 1937-இல் அது 25 விழுக்காடாயிற்று. நிலம் இழந்த உழவர்களை நினைத்தால் இதில் பெருமைப்பட எனக்கு மனம் வருவதில்லை. 1942-இல் போர் வந்தது. 1948-இல் பர்மிய அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. பரேட்டோவின் வளைவு அந்தச் சொத்தைக் காத்துவிடவில்லை. மனிதர் செய்த போரும் சட்டமும் மாற்றியதை இயற்கையின் நியதி என்று எப்படிச் சொல்வது?

ஒரு வேண்டுகோள். வருமானச் செய்திகளில் சராசரியோடு இடைநிலை அளவையும், அதாவது வருமானங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணையும், அச்சிடுங்கள். ஒரு தெருவில் 9 வீடுகளுக்கு மாதம் ரூ.20,000, பத்தாவது வீட்டுக்கு ரூ.8,20,000 வருமானம் என்றால், சராசரி ரூ.1 லட்சம், இடைநிலை அளவு ரூ.20,000. ஒன்பது வீட்டாரும் தங்களை அடையாளம் காண்பது இரண்டாவது எண்ணில்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
காரைக்குடி