நடந்தே ஆடிய கோடை

டிராய், மிச்சிகன்
14 நவம்பர் 2009

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுத முடியாமல் செய்தது அதன் கடைசிப் பத்திதான். ஆர்டர் பாதியாகிவிட்டது, பட்டறையில் ஒரு ஷிஃப்ட்தான் ஓடுகிறது, இந்த நேரத்தில் செட்டிபாளையத்துக்குப் போய் கோல்ஃப் ஆடுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது, விட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். 'விடாதே' என்று ஒரு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு வருடமாக நானும் என் கூட்டாளிகளும் இதே கேள்வியோடுதான் இருக்கிறோம். அதனால் இங்கே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முடிவு உன்னுடையது.

முதலில் வீட்டுச் செய்தி. வேலை இருக்கிறது. சம்பளத்தில் பத்து சதவீதம் வெட்டினார்கள், ஓய்வூதியக் கணக்குக்குக் கம்பெனி போட்டுவந்த பங்கையும் நிறுத்திவிட்டார்கள். என் டிபார்ட்மெண்டில் பதினெட்டுப் பேர் இருந்தோம், இப்போது பதினொரு பேர். மகள் ஆன் ஆர்பரில் கல்லூரி சேர்ந்துவிட்டாள், வாரக் கடைசியில் துணி மூட்டையோடு வருகிறாள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நீயும் தங்கச்சியும் ஈரோட்டுக்கே போய் இரண்டு நாள் கூட இருந்தீர்கள் என்று அம்மா போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

போன வருடம் ஆகஸ்டில் இங்கே பக்கத்தில் ஓக்லண்ட் ஹில்ஸில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் கோல்ஃப் போட்டி நடந்ததே, நினைவிருக்கிறதா? முழங்கால் ஆபரேஷனால் டைகர் வுட்ஸ் வரவில்லை. அயர்லாந்துக்காரர் ஹாரிங்டன் ஜெயித்தார். சேர்ந்து கோல்ஃப் ஆடும் நாங்கள் நால்வரும் ஒரு நாள் டிக்கெட் வாங்கிப் போயிருந்தோம். பெட்ரோல் காலன் நான்கு டாலரைத் தொட்டு, பெரிய வண்டிகள் விற்காமல் தேங்கத் தொடங்கியிருந்த நேரம்தான் அது. ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம், அடுத்த ஜூனில் வடக்கே கேலார்டுக்குப் போனால் எந்தெந்த மைதானத்தில் ஆடலாம் என்றுதான் பேசிக்கொண்டு வந்தோம். ஐந்து வாரம் கழித்து லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய பேங்க் விழுந்தது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், பியூக் காருக்காக டைகர் வுட்ஸோடு போட்டிருந்த ஒப்பந்தத்தை ஒரு வருடம் முன்னதாகவே முடித்துக்கொண்டது. இந்த வருடம் ஏப்ரல் 30-இல் கிரைஸ்லர் திவால் மனு கொடுத்தது, ஜூன் 1-இல் ஜெனரல் மோட்டார்ஸே கொடுத்தது. ஃபிளிண்டுக்குப் பக்கத்தில் கிராண்ட் பிளாங்கில் 1958-இல் தொடங்கிய பியூக் ஓப்பன் கோல்ஃப் போட்டி இந்த ஆகஸ்ட் 2-ஆம் தேதியோடு முடிந்துபோனது. கடைசிப் போட்டியில் டைகர்தான் ஜெயித்தார். மிச்சிகனில் வேலையின்மை 15 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகள் பேங்க் கைக்குப் போய்விட்டன.

சரி, கோல்ஃபுக்கு வருகிறேன். எங்கள் செலவில் முதலில் போனது புது டிரைவர், தூரமாக அடிக்கிற அந்த மட்டை. வருடா வருடம் புது மாடல் வரும், 400 டாலர் விலை வைப்பார்கள், பத்து கஜம் கூடுதலாகப் போகும் என்று நம்பி யாராவது ஒருவர் வாங்குவார், மற்ற மூவரும் பின்னால் போவோம். இந்த வருடம் ஒருவரும் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நால்வரும் என் வீட்டுக் காராஜில் உட்கார்ந்து கிளப்புகளுக்கு, அதாவது மட்டைகளுக்கு, பிடி மாற்றினோம். பழைய ரப்பரைப் பிளேடால் கீறி உரித்து, இருபக்கமும் ஒட்டுகிற டேப்பைச் சுற்றி, அதன்மேல் பெயிண்ட் தின்னர் மாதிரி ஒரு திரவத்தை ஊற்றி, அது காய்வதற்குள் புதுப் பிடியை ஒரே மூச்சில் உள்ளே தள்ள வேண்டும். ஆளுக்குப் பதின்மூன்று, மொத்தம் 52 பிடிகள். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டரை மட்டும் யாரும் தொடவிடவில்லை, அதில் அவரவர் கைப்பதிவு இருக்கிறதாம். கடையில் கொடுத்தால் ஆகும் செலவில் பாதிகூட ஆகவில்லை. மறுநாள் அடித்துப் பார்த்தபோது எட்டு வருடப் பழைய அயர்ன் மட்டைகள் புதிது போலப் பேசின.

பந்தைத் தூக்கி அடிக்கிற வெட்ஜ் மட்டை பற்றி உனக்கு ஒரு எச்சரிக்கை. கிளப் முகத்தில் இருக்கும் பள்ளக் கோடுகளுக்கு 2010 ஜனவரி 1 முதல் புது விதி வருகிறது. கூர்மையான பழைய கோடுகள் பந்தை அதிகமாகச் சுழற்றுகின்றன என்பதால் பெரிய போட்டிகளில் அவை இனிக் கூடாது. இதைச் சொல்லியே, இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள் என்று சிலர் விற்கப் பார்க்கிறார்கள். நம்மைப் போல வாரக் கடைசியில் ஆடுகிறவர்கள் கையிலிருக்கும் பழைய கிளப்புகளைக் குறைந்தது 2024 வரை தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்று விதியிலேயே இருக்கிறது. பதினைந்து வருடம்! யார் வந்து சொன்னாலும் பர்சைத் திறக்காதே.

அடுத்தது பந்து. பெயர்பெற்ற பந்து ஒரு டஜன் 45 டாலர். அதை ஏரிக்குள் அடித்துவிட்டு அடுத்ததை எடுத்துக் கீழே வைக்க முன்பெல்லாம் எங்களுக்கு மனசு வலித்ததே இல்லை. இந்த வருடம் மைதானத்துக் குளங்களில் முங்கி எடுத்த பந்துகளைக் கழுவித் தரம் பிரித்து விற்பவர்களிடம் வாங்கினோம், மூன்றில் ஒரு பங்கு விலைதான். புதருக்குள் போன பந்துக்காக நான்கு பேரும் குனிந்து தேடியபோது நம் ஹாஸ்டல் மைதானம் ஞாபகம் வந்தது. ஆளுக்கு எட்டணா போட்டு வாங்கிய கார்க் பந்து சாக்கடையில் விழுந்தால் நீதான் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்குவாய். பந்து கிடைக்காமல் ஆட்டம் முடிந்ததாக நினைவே இல்லை.

கேலார்ட் பயணத்தையும் விட்டோம். மூன்று நாள், இரண்டு ராத்திரி, ஆறு வருடப் பழக்கம். அதை விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அந்த ஊர்கள் கோடையில் எங்களைப் போன்றவர்களை நம்பித்தான் இருக்கின்றன.

ஆனால் ஆட்டத்தை விடவில்லை, மாப்ளே. என் டைரியைப் புரட்டிப் பார்த்தேன். போன வருடம் 25 ஆட்டம், இந்த வருடம் 31. செலவோ பாதிக்கும் கீழே. எப்படி என்றால், மைதானங்களே இறங்கி வந்துவிட்டன. இந்த மாநிலத்தில் 800-க்கு மேல் கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. எண்பதுகளின் கடைசியில், நாளொன்றுக்கு ஒரு மைதானம் வீதம் திறந்தால்தான் தேவைக்கு ஈடுகொடுக்க முடியும் என்று கணக்குச் சொன்னார்கள். அதை நம்பி வீட்டுமனைகளோடு சேர்த்துக் கடனில் கட்டித் தள்ளினார்கள். 2006-இலேயே நாடு முழுக்கத் திறந்தவற்றைவிட மூடியவை அதிகமாகிவிட்டன. புல்லை யார் ஆடினாலும் ஆடாவிட்டாலும் வெட்ட வேண்டும், தண்ணீர் விட வேண்டும், கடன் தவணை கட்ட வேண்டும். சாயங்காலம் நாலரை மணி டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்க ஒதுக்கிய நேரம், காலியாகப் போனால் அந்தக் காசு போனதுதான். பூக்கடைக்காரர் பொழுது சாய்ந்தால் முழத்தைக் கூட்டிக் கொடுக்கிற மாதிரி, மாலை நேரக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். இங்கே ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். வேலை முடிந்து போய், ஆளுக்கு 15 டாலர் கேட்கும் பேட்டரி கார்ட் வண்டியை விட்டுவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு பதினெட்டு ஹோலும், அதாவது முழு ஆட்டத்தையும், நடந்தே ஆடிவிட்டு வரலாம். எட்டு வருடமாக ஆடிய மைதானத்தில் ஏழாவது ஹோலுக்குப் பக்கத்தில் ஓர் ஓடை சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது என்பது இந்த வருடம்தான் தெரிந்தது.

தனியார் கிளப்பில் சேர்ந்தவர்கள் பாடுதான் கஷ்டம். என்னோடு வேலை பார்க்கும் பஞ்சாபி நண்பர் 2005-இல் பெரிய தொகையை டெபாசிட் கட்டி ஒரு கிளப்பில் சேர்ந்தார். விலகினால் பணம் திரும்ப வரும் என்றுதான் சேர்ந்தார். இப்போது கேட்டால், புதிதாக மூன்று பேர் சேர்ந்த பிறகுதான் விலகுகிற ஒருவருக்குக் கொடுப்பார்களாம். அதற்கு ஒரு வரிசை, அதில் இவர் நாற்பதுக்கும் பின்னால் நிற்கிறார். புதிதாகச் சேர ஆளில்லை. வரிசையில் நிற்கும் வரை மாதச் சந்தாவும், சாப்பாட்டுக்கென்று மாதம் கட்டியே தீர வேண்டிய தொகையும் கட்டத்தான் வேண்டும். சாப்பிடாத சாப்பாட்டுக்குக் காசு கட்டுகிறேன் என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். உன் மெம்பர்ஷிப் ஒப்பந்தத்தை எடுத்து, விலகினால் என்ன கிடைக்கும், கொஞ்ச நாள் நிறுத்திவைக்க வழி இருக்கிறதா என்று முதலில் படி. கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி, நான் உண்மையில் எழுத நினைத்தது. எங்கள் நால்வரில் மதுரைக்காரர் ஒருவர் உண்டு, உனக்கு போட்டோ அனுப்பியிருக்கிறேன், தொப்பி போட்டவர். ஏப்ரல் கடைசியில் அவருக்கு வேலை போயிற்று. எங்களிடம் சொல்லவில்லை. முதுகு வலி, ஆட வரவில்லை என்றார். பிறகு போனே எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்துக் கோயிலில் அவர் மனைவியைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்றைக்கே வீட்டுக்குப் போனேன். காசு இல்லாமல் இல்லை, மாப்ளே. "நான் பையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறுவதை அக்கம்பக்கத்தில் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? வேலை தேடாமல் விளையாடப் போகிறான் என்று என் பையனே நினைப்பானே" என்றார். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவர் முகம்தான் வந்தது.

நாங்கள் மூவரும் பேசி ஓர் ஏற்பாடு செய்தோம். வியாழக்கிழமை சாயங்காலம் ராக்கம் மைதானம். இந்த ராக்கம் யார் தெரியுமா? 1903-இல் ஃபோர்டு கம்பெனி தொடங்கியபோது 5,000 டாலர் போட்டுப் பங்கு வாங்கிய வக்கீல். கார் கொடுத்த பணத்தில் மைதானத்தை உண்டாக்கி டெட்ராய்ட் நகர மக்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். பேர்போன மைதான வடிவமைப்பாளர் டொனால்ட் ராஸ் வடிவமைத்தது. கார் தொழில் சோறு போடாத வருடத்தில் அங்கே நடந்தது எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது. எங்கள் விதிமுறை இதுதான்: எல்லோரும் நடக்க வேண்டும், கையில் கிடைத்த பந்தில் ஆட வேண்டும், பந்தயம் கிடையாது, முடிந்ததும் பாரில் உட்காராமல் பிளாஸ்கில் கொண்டுபோன டீ. அவருக்காக இறங்கி வந்ததாகத் தெரியக் கூடாது என்பதற்காக, எங்களுக்கும் கை கடிக்கிறது என்றோம். அது பொய்யும் இல்லை. மூன்றாவது வாரம் வந்தார். ஐந்தாவது வாரம், போன இண்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று நடந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தார். கார்ட்டில் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போயிருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

செப்டம்பரில் அவருக்கு அலபாமாவில் வேலை கிடைத்தது. போன மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். இப்போது நாங்கள் மூன்று பேர்தான்.

இன்னொன்று மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாங்கள் மிச்சப்படுத்திய ஒவ்வொரு டாலரும் யாரோ ஒருவருடைய கையிலிருந்து போனது. கார்ட் கழுவும் பையன்கள் முன்பு ஆறு பேர் இருப்பார்கள், இந்தக் கோடையில் இரண்டு பேர். குளிர்பானம் வைத்த வண்டியை ஓட்டிக்கொண்டு ஒரு கல்லூரிப் பெண் வருவாள். டிப்ஸில்தான் புத்தகம் வாங்குகிறேன் என்பாள். ஜூலைக்குப் பிறகு அவளைக் காணவில்லை, வண்டியையே நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் பிளாஸ்க் கொண்டுபோனால் அப்படித்தானே ஆகும். இதற்கு என்னிடம் வழி இல்லை. ஆனால் உனக்கு ஒரு வழி இருக்கிறது.

உனக்குப் பை தூக்கி வரும் கேடியைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவாய். காற்றுப் பார்த்து அவர் எடுத்துக் கொடுக்கும் அயர்ன் தப்பியதே இல்லை, மூத்த பெண் பத்தாம் வகுப்பு என்றெல்லாம். இங்கே கேடி என்பது எங்களைப் போன்றவர்கள் ஆடும் இடத்தில் கிடையாது. உனக்கு இருக்கிறார். நீ விட்டால் அவருக்கு அன்றைய கூலி போயிற்று. அதனால் இறக்குமதிப் பந்தை விடு, புது செட் யோசனையைத் தள்ளிப்போடு, ஊட்டிப் பயணம் இந்த வருடம் வேண்டாம், கிளப்பில் ராத்திரிச் சாப்பாடும் வேண்டாம். வாரம் மூன்று நாள் ஒரு நாளாகட்டும். அந்த ஒரு நாள் அவர் கூலியில் மட்டும் கை வைக்காதே.

பட்டறை ஆட்கள் பற்றிய உன் கூச்சம் சரியானதுதான். அதைப் போகச் சொல்ல மாட்டேன். ஒரு ஷிஃப்ட் சம்பளம் இழந்தவர் கண்முன்னால் கோல்ஃப் பையோடு இறங்கக் கூடாது. விடியற்காலை ஆறு மணிக்குப் போய் ஒன்பது ஹோல் ஆடு, வீட்டில் பையை இறக்கிவைத்துவிட்டு ஒன்பது மணிக்குப் பட்டறையில் இரு.

ஜனவரி இரண்டாவது வாரம் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. பொங்கல் ஈரோட்டில், அதற்கு மறுநாள் கோயமுத்தூர். என்னிடம் ஒரு 56 டிகிரி வெட்ஜ் இருக்கிறது, பழைய கூரான கோடுகள், பிடி மட்டும் புதிது, அந்தக் காராஜ் சனிக்கிழமையில் போட்டது. உனக்குத்தான் கொண்டுவருகிறேன். கடையில் கையுறைகளைப் பாதி விலைக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். உன் இடது கை அளவையும், முடிந்தால் உன் கேடியின் கை அளவையும் அடுத்த கடிதத்தில் எழுது.

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்
பழைய அறைத்தோழன்