குச்சிக்கிழங்குக்கு (மரவள்ளிக்கு) இனி மாவுப்பூச்சி மருந்தை நாங்கள் தரமாட்டோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கொழுந்து சுருண்ட குச்சியை ஒடித்துக்கொண்டு வந்து, "மாவுப்பூச்சிக்கு நல்லா கேட்கிற மருந்தா ஒண்ணு குடுங்க" என்று கேட்டவர்களில் பலரை இந்தக் கோடையில் வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறோம். சிலருக்குக் கோபம். "கடை வைத்துக்கொண்டு மருந்து இல்லை என்கிறான்" என்று பேச்சும் வந்தது. சரக்கு இருக்கிறது. வளர்ந்து நிற்கும் குச்சிக்கிழங்கின் மேல் அடிக்க மட்டும் தருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். கடையில் நின்றபடி சொல்ல நேரம் போதவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதலில் பூச்சியைப் பாருங்கள். சுருண்ட கொழுந்தை விரித்தால் வெள்ளை மாவு பூசியதுபோல் இருக்கும். நகத்தால் மாவைத் தள்ளினால் உடம்பு இளஞ்சிவப்பாகத் தெரியும். இது தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய மரவள்ளி மாவுப்பூச்சி. நம் நாட்டில் 2020 ஏப்ரலில் கேரளத்தின் திருச்சூரில் கண்டுபிடித்தார்கள். அப்புறம் சேலம், நாமக்கல் பக்கம் வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. இதில் ஆண் பூச்சியே தேவையில்லை, எல்லாமே பெண். ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தாலும் போதும், நூற்றுக்கணக்கில் முட்டை வைத்துத் தனிக் குடும்பமாகிவிடும். கணு நெருங்கி, நுனி கொத்தாகி, செடி குட்டையாகிறது. கிழங்கு சிறுக்கிறது. சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் பாயிண்ட், அதாவது கிழங்கின் மாவுச்சத்து அளவு, குறைந்தால் யாருக்கு நஷ்டம் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மருந்து ஏன் கேட்பதில்லை? மேலே மெழுகுப் பூச்சு, அதைச் சுற்றிச் சுருண்ட இலை. அடித்த மருந்தில் பாதிக்கு மேல் வழிந்து மண்ணுக்குத்தான் போகிறது. பத்து நாளில் மறுபடி அதே கதை. இது எங்களுக்குப் பட்டுத் தெரிந்த பாடம். 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டு, மல்பெரி, பருத்தி, குச்சிக்கிழங்கு என்று எதையும் விடாமல் பரவியதே, நினைவிருக்கும். அப்போது வாரத்துக்கொரு மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தோம். கல்லா நிறைந்தது, பூச்சி போகவில்லை. அதை நினைத்தால் இன்றும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பூச்சியை அடக்கியது மருந்தே இல்லை. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை, அதாவது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் குளவிகளை, வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அவற்றை வயல்களில் விட்டார்கள். பெரிதாக வேலை செய்தது அசெரோபேகஸ் பப்பாயே என்ற ஒன்றுதான். ஒரு வருடத்துக்குள் பப்பாளித் தோட்டங்கள் பழைய நிலைக்குத் திரும்பின.

இப்போதும் அரசு அதே வழியில்தான் போயிருக்கிறது. மரவள்ளி மாவுப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கிழங்கையே சோறாக நம்பியிருந்த நாடுகளை ஆட்டிப்படைத்தது. அதன் இயற்கை எதிரியைத் தேடிப் போனவர்கள் 1981-இல் பராகுவேயில் அனகைரஸ் லோபெசி என்ற குளவியைக் கண்டார்கள். அந்தத் திட்டத்தை நடத்திய சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரெனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2008-இல் பூச்சி தாய்லாந்துக்கு வந்தபோது, அடுத்த வருடமே அவர்களும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இதே குளவியை வாங்கிக்கொண்டார்கள். நமக்கும் பெனினிலிருந்துதான் 2021-இல் வந்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டத்தில் உள்ள நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

"பூச்சி வந்து ரெண்டு வருஷம் கழிச்சா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு பூச்சியை அடக்க இன்னொரு பூச்சியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது, பக்கத்துச் சந்தையில் கோழிக்குஞ்சு வாங்கி வருவது மாதிரி இல்லை. அனுமதி வேண்டும். வந்ததைத் தனி அறையில் பூட்டி வைத்து, நமக்கு நன்மை செய்யும் பூச்சிகள் மேல் கை வைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தாமதத்தை நாங்கள் குறை சொல்லமாட்டோம். குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. விதைக்குச்சி கட்டுக்கட்டாக ஊர் விட்டு ஊர் போனபோது யாரும் தடுக்கவில்லை. பூச்சி அப்படிப் பரவாமல் தடுக்க 1914-ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது. ஏட்டில் இருந்து என்ன பயன்?

குளவி என்றதும் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம். எள்ளை விடச் சின்னது, மனிதனைச் சீண்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் ஒரு முட்டை வைக்கும். அதிலிருந்து வரும் புழு உள்ளேயே தின்று வளரும். கடைசியில் மாவுப்பூச்சி காய்ந்து, பழுப்பு நிறத்தில் உப்பிய கூடாகிவிடும். அதில் ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். ஓட்டை விழுந்த அந்தக் கூடுகள் உங்கள் வயலில் இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். எங்கள் மேசையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறோம், வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலையில் மருந்து அடித்தால் என்ன ஆகும்? மெழுகுக்குள் இருக்கும் மாவுப்பூச்சி தப்பிக்கும், வெளியே பறக்கும் குளவி செத்துப்போகும். உங்கள் வயல் மட்டுமில்லை, பக்கத்துக் காட்டுக்காரர் வயலுக்கும் கேடு.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. கொத்தான நுனிகளை வெட்டி எரியுங்கள், வரப்பில் போடாதீர்கள். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிரும். எறும்பு ஏறும் செடிகளைக் கவனியுங்கள். தேன்போல் வடியும் கழிவுக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும், குளவியை அண்ட விடாது. நல்ல மழை இறங்கினால் பூச்சி தானாகவே குறையும். நடவுக்கு மட்டும் பூச்சி இல்லாத வயலில் எடுத்த குச்சிதான் வேண்டும். கரணையை (நடவுக்கு வெட்டிய குச்சித் துண்டை) நடுமுன் மருந்துக் கரைசலில் நனைப்பதற்கு, வேளாண் அலுவலர் எழுதித் தரும் சீட்டோடு வந்தால் தாராளமாகத் தருகிறோம். அந்த நேரத்தில் வயலில் குளவி இருக்காது. குளவி வேண்டுமென்றால் ஏத்தாப்பூர் நிலையத்தில் நேரில் கேளுங்கள்.

ஏற்கெனவே எங்களிடம் வாங்கி, இன்னும் மூடி திறக்காமல் வைத்திருக்கும் பாட்டில்களைப் பில்லோடு கொண்டுவந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறோம். பில் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, எங்கள் நோட்டில் பதிவு இருக்கும். ஒரே ஒரு வேண்டுகோள்: பூச்சி பிடித்த குச்சியைக் காட்டக் கொண்டுவரும்போது வண்டிக் கம்பியில் செருகி வராதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டிக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உர, மருந்துக் கடையினர்