பழைய கார் குலுங்கினால் பெட்ரோல்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்கள் திக்கித் திக்கி ஓடுவதற்கெல்லாம் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே காரணம் என்று அண்மையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பேச்சை நம்பி 11,000 ரூபாயை இழந்தவன் நான்.

என்னுடையது 2002ஆம் ஆண்டு ஃபோர்டு ஐகான், 1.6 லிட்டர். மறைமலை நகரில் பிறந்த வண்டி. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்றும் சீறும். சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு பேசின் பாலம் ஏறும்போதெல்லாம் குலுங்கத் தொடங்கியது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதை மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பார்களே, அதுதான். ஒரு பணிமனையில் பெட்ரோல் டேங்கைக் கழுவி, பம்பையும் மாற்றினார்கள். திரும்பும் வழியில் அதே பாலம், அதே குலுக்கல்.

காசிமேட்டில் முப்பது ஆண்டுகள் படகு இன்ஜின் பார்த்தவன் நான். அவை டீசல், பொறி தட்டிப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதனால்தான் தாமதமாக விழித்துக்கொண்டேன். பெட்ரோல் கெட்டிருந்தால் நான்கு சிலிண்டர்களும் அல்லவா முரண்டு பிடிக்க வேண்டும்? இன்ஜினை நின்ற இடத்தில் ஓடவிட்டு, சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் மின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். மற்றவற்றைக் கழற்றியதும் இன்ஜின் தள்ளாடியது. மூன்றாவதைக் கழற்றியபோது அவ்வளவாக மாற்றம் இல்லை. இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் பிளக்கை மூன்றாவதில் மாற்றிப் போட்டேன். கோளாறு பிளக்கோடு போகாமல் மூன்றாவது சிலிண்டரிலேயே நின்றது.

அடுத்த சந்தேகம், உயர் மின்னழுத்தம் தரும் காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் ஒயர்மீதுதான். இரவு விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜினை மீண்டும் ஓடவிட்டு, இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் புட்டியால் பிளக் ஒயர்கள்மீது லேசாகத் தெளித்தேன். (கை படக் கூடாது, பல ஆயிரம் வோல்ட் ஓடுகிறது.) மூன்றாவது ஒயரிலிருந்து இன்ஜினுக்கு நீலப் பொறி தாவியது. உறை வெடித்திருந்தது, காயில் பக்க முனையில் பச்சைக் களிம்பு. எங்கள் பக்கத்துக் கடற்காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்குவதில்லை, ஒயர் முனை எம்மாத்திரம்! பாலம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. பிளக்கில் பொறி தாவ அதிக வோல்ட் தேவைப்படுகிறது. மின்சாரமோ சுலபமான வழி பார்த்து வெடிப்பில் கசிந்துவிடுகிறது.

புது ஒயர் செட் 1,600 ரூபாய். கையோடு நான்கு பிளக்குகளையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினேன். இதைச் சின்னக் கோளாறு என்று மாதக்கணக்கில் ஓட்டுவதும் தவறு. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்கிவிடும்.

எந்த சிலிண்டரில் கோளாறு என்பதைப் பணிமனைகள் பில்லில் எழுதட்டும். கழற்றிய பாகத்தையும் உரியவரிடமே கொடுக்கட்டும். என் பழைய பம்பைக் கேட்டதற்கு, "அது அன்றைக்கே காயலான் கடைக்குப் போய்விட்டது" என்றார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படகு மெக்கானிக்,
காசிமேடு, சென்னை.